தானுந்து இறுவட்டு இயக்கி

தானுந்து இறுவட்டு இயக்கி (கார் சிடி பிளேயர்) என்பது, இறுவட்டில் எண்ணிம முறையில் பதியப்பட்டுள்ள ஒலியைச் சீரொளிக் கதிரின் உதவியால் படித்து, ஊர்தியின் ஒலிபெருக்கிகளுக்கு அளிக்கும் கருவி ஆகும். ஊர்தி உற்பத்தியாளரால் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் இயக்கி பெரும்பாலும் வானொலியுடன் ஒரே பெட்டியில் அமைந்திருக்கும். பழைய ஊர்திகளில் இது செயலிழக்கும்போது கருவி முழுவதும் கெட்டுவிட்டதாகக் கருதப்படுவதுண்டு. எனினும் வட்டு, வில்லை, மின்வழங்கல், பொறியமைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் ஏற்படும் குறையே இதற்குக் காரணமாக இருக்கலாம். குறை எப்பகுதியில் உள்ளது என்பதைக் கருவியைத் திறக்காமலேயே பெருமளவு கண்டறிய இயலும்.

வரலாறு

பிலிப்சு, சோனி ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய இறுவட்டு 1982 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. தானுந்துகளுக்கான இயக்கிகள் 1984 இல் வெளிவந்தன. பயனியர் நிறுவனத்தின் சிடிஎக்ஸ்-1 அவற்றுள் ஒன்று. 1990களில் பல வட்டுகளை ஏற்கும் வட்டு மாற்றிகள் பரவலாயின. இவை ஊர்தியின் பின்புறப் பொருள் அறையிலோ முகப்புப் பலகையிலோ பொருத்தப்பட்டன. 2010களில் யூ.எசு.பி., புளூடூத் வசதிகள் பெருகியதால் உற்பத்தியாளர்கள் பலர் புதிய ஊர்திகளில் இறுவட்டு இயக்கியைக் கைவிட்டனர். இதனால் பழைய கருவிகளுக்கான உதிரிப் பாகங்கள் அரிதாகிவிட்டன.

செயற்படும் முறை

இறுவட்டு 120 மி.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிப்பும் கொண்டது. வட்டை வாயிலில் வைத்தவுடன் இரப்பர் உருளைகள் அதனை உள்ளிழுத்துச் சுழலச்சின் மீது அமர்த்துகின்றன. 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புச் சீரொளி ஒரு சிறு வில்லையின் வழியாக வட்டின் மீது குவிக்கப்படுகிறது. தெறித்து வரும் ஒளியின் ஏற்ற இறக்கங்கள் தரவாக மாற்றப்படுகின்றன. வட்டின் தடங்களுக்கு இடையேயான தொலைவு 1.6 மைக்ரோமீட்டர் மட்டுமே. ஆகவே வில்லையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நுண்ணியதாக நகர்த்தும் கம்பிச்சுருள்கள் இடைவிடாது இயங்குகின்றன.

படித்தல் வட்டின் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிச் செல்லும். சுழல்வேகம் உட்புறத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 சுற்றுகளும், வெளி விளிம்பில் ஏறத்தாழ 200 சுற்றுகளும் ஆகும். இயக்கி முதலில் உட்புறத்திலுள்ள உள்ளடக்க அட்டவணையைப் படிக்கும். அது படிக்கப்படாவிடில், ஏனைய பகுதிகள் நன்றாக இருந்தாலும் வட்டு ஏற்கப்படாது.

இறுவட்டின் பிழைதிருத்த முறை, தடத்தின் நெடுகே ஏறத்தாழ 2.5 மி.மீ. வரையான தரவு இழப்பை முழுமையாக ஈடுசெய்ய வல்லது. எனவே தூசியும் கீறலும் ஓர் எல்லை வரை கேட்பவருக்குத் தெரிவதில்லை. எல்லை கடந்தவுடன் ஒலி திடீரெனத் துள்ளத் தொடங்கும்.

பழுதறிதல்

வானொலியும் இறுவட்டு இயக்கியும் பொதுவாக ஒரே மின்வழங்கலையும் பெருக்கியையும் ஒலிபெருக்கிகளையும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே முதலில் வானொலியை இயக்கிப் பார்த்தல் வேண்டும்.

* வானொலியும் இயங்காவிடில்: மின்வழங்கலில் குறை இருக்கலாம். உருகிகளை முதலில் சோதிக்க வேண்டும்.
* வானொலி இயங்கி, நிலைய நினைவகம் ஒவ்வொரு முறையும் அழிந்தால்: மின்கலத்திலிருந்து எப்போதும் வரவேண்டிய 12 வோல்ட்டு மின்வழி அறுபட்டிருக்கலாம். சாவியைத் திருப்பும்போது மட்டும் வரும் மின்வழி வேறானது. கம்பிகளின் நிறம் உற்பத்தியாளருக்கேற்ப மாறுவதால் மின்னழுத்தத்தை அளந்தே உறுதி செய்ய வேண்டும்.
* வானொலி நன்றாக ஒலித்து, எந்த வட்டும் ஏற்கப்படாவிடில்: வில்லை, சீரொளி அல்லது சுழல் மின்னோடியில் குறை இருக்கலாம்.
* சில வட்டுகள் மட்டும் ஏற்கப்படாவிடில்: குறை பெரும்பாலும் வட்டிலேயே இருக்கும். வீட்டில் பதியப்பட்ட வட்டுகளும், குறிப்பாக மீள எழுதத்தக்க வட்டுகளும் ஒளியைக் குறைவாகவே தெறிக்கின்றன. பழைய இயக்கிகள் இவற்றைப் படிக்கத் தவறுவதுண்டு. கடையில் வாங்கிய, கீறலற்ற அச்சு வட்டைக் கொண்டே சோதிக்க வேண்டும்.
* மேடுபள்ளங்களில் மட்டும் துள்ளினால்: அதிர்வு தாங்கும் சுருள்விற்களோ இரப்பர்த் தாங்கிகளோ தளர்ந்திருக்கலாம், கருவி முகப்புப் பலகையில் இறுக்கமாகப் பொருத்தப்படாமலும் இருக்கலாம்.
* குளிர்காலையில் மட்டும் இயங்காவிடில்: வில்லையில் ஈரம் படிந்திருக்கலாம். ஊர்தியின் உட்புறம் வெப்பமடைந்தபின் இது தானே நீங்கும்.

இம்முறைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2001 இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 7 வரிசை முதலாகச் சில ஐரோப்பிய ஊர்திகளில் ஒலிக்கருவிகள் ஒளியிழையால் வளையமாக இணைக்கப்பட்டுள்ளன. அவற்றில் வட்டு மாற்றி ஒன்று செயலிழந்தாலே வானொலி உட்பட ஒலியமைப்பு முழுவதும் நின்றுவிடக்கூடும்.

துப்புரவு

வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கலாகாது. தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலால் சிறிதளவு தரவே இழக்கப்படும். அதனைப் பிழைதிருத்த முறை ஈடுசெய்யும். தடத்தின் நெடுகே விழும் கீறல் அவ்வாறன்று.

வில்லையில் படிந்த தூசியை நீக்கச் சிறு தூரிகைகள் பொருத்தப்பட்ட துப்புரவு வட்டுகள் உள்ளன. புகைப்படிவு போன்ற ஒட்டும் அழுக்கு இவற்றால் நீங்குவதில்லை. அதற்குக் கருவியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் சிறிது நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும். அசிட்டோன் நெகிழி வில்லையைக் கெடுத்துவிடும். துடைத்த பின்னும் எந்த வட்டும் படிக்கப்படாவிடில் சீரொளி மூப்படைந்திருக்கலாம். சிலர் சீரொளிக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டி அதனை மீட்க முயல்வர். இது தற்காலிகப் பயன் தந்தாலும் சீரொளியின் எஞ்சிய ஆயுளைக் குறைக்கும்.

சிக்கிய வட்டு

வட்டு வெளிவராமைக்கு உருளைகளின் தேய்வு, பற்சக்கர உடைவு, வட்டின் மீது ஒட்டிய தாள் உரிதல் ஆகியன பொதுவான காரணங்கள். 8 செ.மீ. சிறு வட்டுகளும் பல வாயில்வகை இயக்கிகளில் சிக்கிக்கொள்ளும். வெளியேற்றும் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தலும், உருகியைச் சில நிமிடங்கள் நீக்கி மீளப் பொருத்தலும் சில கருவிகளில் பயனளிக்கும். கத்தி போன்றவற்றை நுழைத்தல், மற்றொரு வட்டைத் திணித்தல் ஆகியவை சிறு பழுதைப் பெரும் பழுதாக்கிவிடும்.

எச்சரிக்கை

* தொழிற்சாலைக் கருவிகள் பல திருட்டுத் தடுப்புக் குறியீடு கொண்டவை. மின்கலத்தையோ கருவியின் உருகியையோ நீக்கினால், குறியீட்டை உள்ளிடும்வரை அவை இயங்கா. அவ்வெண் கையில் இருப்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.
* சீரொளி கண்ணுக்குத் தெரியாதது. மூடிய கருவி பாதுகாப்பானது. திறந்த கருவியை இயக்கி வில்லையை நேராகப் பார்த்தல் கண்ணுக்குத் தீங்கு தரும்.
* சில ஊர்திகளில் குளிரூட்டியின் கட்டுப்பாடும் இதே பெட்டியில் அமைந்துள்ளது. அவற்றில் வேறு கருவியை எளிதில் பொருத்த இயலாது. இத்தகைய ஊர்திகளில் வானொலி நன்றாக இயங்கினால், துணை உள்ளீட்டுத் துளை வழியாகவோ பண்பலை அனுப்பி வழியாகவோ இசை கேட்பதே எளிய மாற்று வழியாகும்.