பாடு: இடமா, முறையா? பழவேற்காட்டு ஏரியின் ஒரு சொல்லும் அதன் வரலாறும்

பழவேற்காட்டு ஏரியில் பட்டினவர் என்ற மீனவச் சாதியினரின் ஊர்கள் கடைப்பிடிக்கும் ‘பாடு’ பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர், அந்தச் சொல்லுக்கு ‘மீன்பிடி இடம்’ என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பிற முடிவுகள் எல்லாம் இந்தப் பொருளிலிருந்தே கிளைக்கின்றன. பாடு ஓர் எல்லையுரிமை. எல்லை இருப்பதால் வேற்றார் வருகை தடுக்கப்படுகிறது. தடுக்கப்படுவதால் இறால் வளம் நிலைக்கிறது. ஆகவே பாடு முன்னோரின் சூழலறிவு. சங்கிலி பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இற்றுப்போயிருப்பது அதன் முதல் கண்ணி.

பாடு முதன்மையாக முறையைக் குறிக்கும் சொல், இடம் அதற்கு அடுத்தபடிதான் என்பது இக்கட்டுரையின் வாதம். இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் மீஞ்சூர் ஒன்றியத்துக் கடற்கரையில் எதை மரபுரிமை என்று காப்பது, எப்படிக் காப்பது என்ற கேள்வி இதில்தான் போய் முட்டுகிறது.

முதலில் அகராதியைப் பார்த்துவிடலாம். பாடு என்ற சொல்லுக்குத் தமிழில் பெருமை, ஓசை, துன்பம், உழைப்பு, பக்கம், இடம் என்று பட்டியல் நீள்கிறது. இடம் என்ற பொருள் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மீன்பிடித் தொழிலின் புழக்கத்தில் அது ஓர் ஓரத்தில்தான் நிற்கிறது. தமிழகக் கரை முழுவதும் ‘மீன்பாடு’ என்றால் கிடைத்த மீன். ‘அது அவன் பாடு’ என்றால் அவனுக்கு வாய்த்தது, அவன் பொறுப்பு. ‘அவரவர் பாட்டுக்கு’ என்பதில் இடமே இல்லை. ஒருவருக்கு வந்து விழுவது, விழுந்ததை அவர் பட்டுத் தீர்ப்பது ஆகிய இரண்டும் ‘படு’ என்ற வேரிலிருந்து வருகின்றன. ஏரிக்கரையில் ஒருவரின் பாடு என்பது அவருக்கு வந்து விழுந்த முறை என்று கொள்வதுதான் சொல்லின் இயல்புக்கு நெருக்கம்.

எதிர்ச் சான்று ஒன்று உண்டு. அதை ஒளிக்கக் கூடாது. இலங்கையின் வடகரையில் பூநகரிப் பகுதியில் வலைப்பாடு என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கரைவலைப் பாடு என்றால் கடற்கரையில் இன்னாருக்கு என்று குறிக்கப்பட்ட துண்டு. இதில் பாடு இடமேதான். ஆனால் கரைவலைக்கு உறுதியான மணற்கரை வேண்டும். வலையைக் கரையில் நின்று இழுக்க வேண்டும். ஒரே கரை ஆண்டுதோறும் அதே இடத்தில் இருக்கும். முறை அங்கே மண்ணில் வேர்விட்டு இடமாகிவிட்டது என்று கொள்ள இடமுண்டு. பழவேற்காட்டில் வேர்விட மண் ஏது?

ஏரியை ஓர் இரவு பார்த்தால் இது விளங்கும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, சராசரியாக ஓர் ஆள் இடுப்பளவுகூட எட்டாத ஏரியில் வளர்கின்றன. வளர்ந்ததும், இருட்டில், நீர் வடியும்போது கடலுக்குத் திரும்புகின்றன. அந்தத் திரும்பும் வழியில் கழிகளை நட்டு வலை கட்டுவதுதான் சுத்துவலைத் தொழில். அமாவாசையை ஒட்டிய இரவு, நீர் வடியும் சில மணி நேரம், முகத்துவாரத்தை நோக்கி ஓடும் நீர் ஆகிய மூன்றும் கூடினால்தான் இறால். ஒரே இடத்தில் மறுநாள் பகலில் வலை கட்டினால் கழி நட்ட கூலிகூடத் தேறாது. மதிப்பு நீர்ப்பரப்பில் இல்லை, வேளையில் இருக்கிறது.

அந்த முகத்துவாரமும் நிலையாக நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு வெள்ளம் கொண்டுவந்தால் உடைத்துத் திறக்கும். மழை ஓய்ந்து நீரோட்டம் தளர்ந்தால் அலை மணலைக் கொண்டுவந்து அடைக்கும். மணல் திட்டுகள் நகரும். அடைத்தால் மீனவர்களே மண்வெட்டி எடுத்து வெட்டித் திறந்ததும் உண்டு. இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் நீரில், இடத்தை அடிப்படையாகக் கொண்ட உரிமை பத்து ஆண்டு தாங்காது. எது மாறாமல் இருந்தது? ஆட்களின் வரிசை. கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் போன்ற ஊர்களுக்கிடையே ஒரு சுழற்சி. ஒவ்வோர் ஊருக்குள்ளும் தலைக்கட்டுகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, இடையே இன்னொரு சுழற்சி. வலை கட்டும் நல்ல துறை ஒருவருக்கே நிலைப்பதில்லை, மோசமான துறையும் ஒருவர் தலையிலேயே விடிவதில்லை. துறைகளுக்குப் பெயர் உண்டு என்பதைக் காட்டி இடவாதிகள் மறுப்பார்கள். நாற்காலிக்குப் பெயர் இருப்பதால் இசை நாற்காலி விளையாட்டு நாற்காலியைப் பற்றியதாகிவிடாது.

இதே கட்டமைப்பு இந்த வட்டாரத்தில் நீருக்கு வெளியேயும் இருந்தது. பாடு பற்றிய ஆய்வுகள் கடலையும் கேரளத்துக் காயலையும் பார்த்தன. முதுகுக்குப் பின்னாலிருந்த வயலைப் பார்க்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டு நகரம் டச்சுக்காரர் கையில் இருந்தபோது, அதைச் சூழ்ந்த பொன்னேரிச் சீமை ஆங்கிலேயக் கும்பினியின் ஜாகீரில் இருந்தது. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற பொறியாளர் அந்த ஜாகீரின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதன் பிறகு 1818-ல் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தொண்டைமண்டலத்து மிராசு, அதாவது பரம்பரை நிலப்பங்கு, உரிமை பற்றிய தம் விரிவான விளக்கத்தில், ஊர் நிலம் இருவகையாக ஆளப்பட்டதை எடுத்துக்காட்டினார். ஒன்று அறுதிக்கரை: நிலம் அறுதியாகப் பிரிக்கப்பட்டு இன்ன துண்டு இன்னாருக்கு என்று நின்றுவிடுவது. மற்றொன்று பசுங்கரை: ஊர் நிலம் முழுவதும் பங்காளிகளுக்குப் பொது, ஒவ்வொருவருக்கும் உள்ளது பங்கு மட்டுமே, எந்தத் துண்டை யார் உழுவது என்பது காலந்தோறும் மாறும். இந்த மாற்றத்துக்குக் கரையீடு என்று பெயர்.

பசுங்கரையில் ஒருவருக்கு உரியது நிலம் இல்லை. நிலத்தில் முறைவைத்து வரும் ஒரு கரை, அதாவது பங்கு. நல்ல வயலும் கரம்பும் சுழல்கின்றன. பங்கின் எண்ணிக்கை மட்டும் அசைவதில்லை. இந்த வாக்கியத்தில் வயலை எடுத்துவிட்டு நீரை வைத்தால் பாடு கிடைக்கிறது.

இவ்வளவு நெருக்கம் தற்செயலாகவும் இருக்கலாம். பங்கிடுவதற்கு அரிதான பொருளும் ஒன்றாக வாழ வேண்டிய கட்டாயமும் இருக்கும் இடத்தில் சீட்டுப் போட்டு முறைவைப்பது உலகெங்கும் நடப்பதுதான். பசுங்கரையிலிருந்து பாடு பிறந்தது என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஆனால் ஒரே வட்டாரம், பங்கை எண்ணும் ஒரே ஒழுங்கு. இத்தனைக்கும் பிறகு இரண்டையும் தனித்தனி ஆய்வுத் துறைகளில் போட்டுப் பூட்டிவைப்பதற்கு ஒரு காரணம்தான் தெரிகிறது. வயலை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள், மீனைச் சூழலியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டும் பிரிந்த புள்ளி 19-ஆம் நூற்றாண்டு. ரயத்துவாரி ஏற்பாடு மீஞ்சூர், பொன்னேரி வயல்களை அளந்து எண் கொடுத்து ஆளுக்கொரு பட்டாவும் கொடுத்தது. பசுங்கரை அறுதிக்கரையாகிப் பிறகு பெயரும் மறைந்தது. ஏரி நீருக்கு யாரும் பட்டா கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. ஆகவே நிலத்தில் ஏட்டோடு போன ஒரு பங்கீட்டு ஒழுங்கு, நீரில் ஆட்களின் நினைவில் நடந்துகொண்டே இருந்தது. தொண்டைமண்டலத்து நில வரலாற்றின் ஒரு பக்கம் இன்றும் படிக்கக் கிடைப்பது பழவேற்காட்டு இரவுகளில்தான் என்று சொல்லத் துணியலாம்.

சாதி பற்றிய ஆட்சேபம் இங்கே வரும், வரவும் வேண்டும். பாடு பட்டினவர்களுக்கு, அதிலும் குறிப்பிட்ட ஊர்களின் மணமான ஆண்களுக்கு உரியது. ஏரியையே நம்பி வாழும் இருளர்களுக்கும் பட்டியலின மீனவர்களுக்கும் அதில் பெயர் இல்லை. இருளர் பெண் பறி என்ற கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு நீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுகிறாள். அவளுக்கு வலையும் இல்லை, கழியும் இல்லை, முறையும் இல்லை. பாட்டைச் சூழலறிவு என்று போற்றுபவர்களுக்கு இது ஒரு சங்கடம்; அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு நகர்கிறார்கள். பங்குக் கணக்கு என்று படித்தாலோ யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் அதன் உள்ளடக்கமே. மிராசு ஊர்களிலும் உழுத பறையர்களுக்குக் கரை கிடையாது. ஒப்புமை இங்கேயும் பொருந்துகிறது, துரதிர்ஷ்டவசமாக மிகச் சரியாகவே.

அப்படியானால் ஒதுக்கலைப் பதிவுசெய்த ஒன்றை மரபுரிமை என்று காப்பதா என்று கேட்பவர்கள், பழவேற்காட்டில் இப்போது எது காக்கப்படுகிறது என்று ஒரு நடை போய்ப் பார்க்கலாம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே சித்திர வேலைப்பாடும் டச்சு எழுத்துகளும் நிறைந்த பலகைக் கற்கள். 1613-ல் எழுந்த கெல்டிரியா கோட்டையிலிருந்துகொண்டு துணி வாங்கியவர்கள், இங்கிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியவர்கள். அந்த டச்சுக் கும்பினியின் ஆட்கள் படுத்திருக்கும் இடத்துக்கு வேலி போடுவதில் நமக்குத் தயக்கம் இருந்ததில்லை. கோட்டையோ இன்று புதர் மண்டிய மேடு. கோட்டை இருந்ததை நாள்தோறும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பது, பாடு வைத்திருக்கும் கோட்டைக்குப்பம் என்ற ஊர்ப்பெயர்.

கல்லறைக்கு வேலி போடலாம். பறவைச் சரணாலயத்துக்கு எல்லை குறிக்கலாம். ஆந்திரப் பகுதிக்கு 1976-லும் தமிழகப் பகுதிக்கு 1980-லும் குறித்தார்கள். வரைபடத்தில் கோடு போட்டுக் காக்கும் கருவிதான் நம்மிடம் இருக்கிறது. பாட்டை ‘இடம்’ என்று படித்த ஆய்வு தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கருவிக்கு ஏற்பப் பொருளை வெட்டிவிட்டது.

முறையைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பதற்குக் கரீபியன் கடலில் ஓர் உதாரணம் இருக்கிறது. பார்புடா சிறு தீவு. ஏரிபோல் ஒரு பெரிய உப்பங்கழி, அதில் கப்பல்கூழைக்கடா என்ற கடற்பறவைகளின் பெருங்கூட்டம். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த மக்கள் தீவு நிலத்தைப் பொதுவில் வைத்திருந்தார்கள். யாரும் விற்க முடியாது, குடியிருக்கவும் பயிரிடவும் கேட்டுப் பெறலாம். 2007-ல் இந்த வழக்கத்தைச் சட்டமாகவே எழுதினார்கள். 2017 செப்டம்பரில் இர்மா புயல் தீவைத் துடைத்துப்போட, மக்கள் அனைவரும் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2018-ல் அரசு அந்தச் சட்டத்தை விலக்கியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 2022-ல் வந்த தீர்ப்பு, அந்த மக்களுக்கு இருந்த உரிமை அரசமைப்பு காக்கும் சொத்துரிமை ஆகாது என்றது. சுருங்கச் சொன்னால், முறை இருந்தது, துண்டு இல்லை. துண்டு இல்லாததால் இழப்பும் இல்லை.

இலங்கையின் நீர்கொழும்பு உப்பங்கழியில் இதற்கு நேர்மாறான வழி தெரிகிறது. அங்கேயும் கழி நட்டுக் கட்டும் வலைதான், அங்கேயும் பாடுதான். 1958-ல் அரசிதழில் விதிகளாகவே வெளியிட்டார்கள். யார், எந்த முறையில், எந்தச் சங்கத்தின் வழியாக என்று எழுதினார்கள். காப்பின் அலகாக அங்கே ஆட்களின் வரிசை ஏற்கப்பட்டது. பழவேற்காட்டுக்கு இது அப்படியே பொருந்தாது. எழுதும் நாளில் யார் வரிசையில் இருக்கிறாரோ அவரே நிலைப்பார், இருளர் வெளியேயே நிற்பார். ஆனால் எழுதவே முடியாத ஒன்று என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

இதற்கிடையில் ஏரி காத்திருக்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டு, மீனவ ஊர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. காட்டுப்பள்ளி மணல்மேட்டுத் தீவின் தெற்கு முனையில் நடப்பது முகத்துவாரத்தின் மணலையும் தொடும் என்பது அவர்கள் அச்சம். முகத்துவாரத்திலோ, அது அடைபடாமல் இருக்க இருபுறமும் பாறை கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்பும் வேலை நடந்திருக்கிறது. இதை மீனவர்களே பல ஆண்டுகள் கேட்டுப் போராடினார்கள். அடைபட்ட வாயும் உப்பேறாத ஏரியும் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து யாரும் அதற்குக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆய்வாளருக்கு இனி ஒரு வேலை இருக்கிறது. வரலாற்றில் முதல் தடவையாக அந்த வாய் ஒரே இடத்தில் நிற்கப்போகிறது. நீர் ஓடும் பாதை நிலைத்தால் நல்ல துறையும் நிலைக்கும். நிலைத்த துறைக்கு விலை வரும், குத்தகை வரும், கைமாறும் ஆள் வருவார். பொன்னேரி வயலில் பசுங்கரை அறுதிக்கரையான அதே வழி இங்கேயும் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். சுவர் முழுதாக நின்ற பிறகு வரும் முதல் சில அமாவாசைகளில் கோட்டைக்குப்பத்தில் வரிசை முன்போலவே சுழல்கிறதா என்பதை ஊராரோடு உட்கார்ந்து, அவர்கள் சம்மதத்தோடு, நாள் போட்டு எழுதி வைக்க வேண்டும். அந்த ஏட்டில் பறியோடு இறங்கும் பெண்களுக்கும் ஒரு பக்கம் விட வேண்டும்.