கணனிக் கருவிகள் பொதுச்சொத்தான வரலாறு

புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகள் பலர் கணனிக் கல்வியை நாடுகின்றனர். அவர்கள் எழுதும் நிரல்களை இயக்குவதற்கு வேண்டிய கருவிகள் ஒரு சதமும் கொடாமல் வீடு வந்து சேர்வது எவ்வாறு என்பது பெற்றோரும் அறியத்தக்க வரலாறாகும்.

சி என்னும் கணனி மொழியை 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கினார். அம்மொழியில் எழுதியதைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித்தருவது கொம்பைலர். பெரிய நிரல்கள் பல கோப்புகளாகப் பிரித்து எழுதப்படும். ஒன்றைத் திருத்தியபின் அதனை மீண்டும் கொம்பைலரிடம் கொடுக்க மறந்தால் பழைய பிழையே தொடரும். அவ்வாய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரீவ் ஜோன்சன், ஏற்கனவே திருத்திய பிழையொன்றைத் தேடி இவ்வாறே ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். அவர் சினத்துடன் வந்து முறையிட்டதைக் கேட்ட ஸ்ருவாட் பெல்ட்மன், 1976இல் ‘மேக்’ என்னும் கருவியை இயற்றினார். எக்கோப்பு எதனைச் சார்ந்தது என விதிக்கோப்பொன்றில் எழுதிவைத்தால், மாறியவற்றை மாத்திரம் அது மீளமைக்கும். விதிக்கோப்பின் கட்டளை வரிகள் ‘ராப்’ விசையுடன் தொடங்கவேண்டும். வெறும் இடைவெளி விட்டால் ஏற்காது. இக்குறையைப் பெல்ட்மன் உணர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு பயனாளர் வரையில் சேர்ந்திருந்தனர். அவர்களுக்கு இடைஞ்சல் செய்ய விரும்பாது அப்படியே விட்டுவிட்டார். பன்னிருவருக்குக் காட்டிய தாட்சணியத்தால் இன்றும் புதியவர்கள் இடறுகின்றனர்!

எனினும் இக்கருவிகள் உரிமையாளரின் அனுமதிக்கு உட்பட்டிருந்தன. யாவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ‘குனூ’ என்னும் தொகுதியை அமைக்கப்போவதாக 1983 செப்டம்பரில் ரிச்சார்ட் ஸ்ரோல்மன் அறிவித்தார். அதற்குச் சற்று முன்னர், ஆம்ஸ்ரர்டாம் நகரின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் உருவான கொம்பைலரைப் பயன்படுத்தலாமா என்று அதன் ஆசிரியரிடம் அவர் கேட்டிருந்தார். பல்கலைக்கழகந்தான் சுதந்திரமானது, கொம்பைலர் அன்று என ஏளனமாகப் பதில் வந்தது. ஸ்ரோல்மன் தாமே எழுத முனைந்தார். 1987இல் ஜிசிசி வெளிவந்தது. மேக்குக்கும் குனூ வடிவம் உருவாயிற்று. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆக்கியபோது அதற்கு உதவிய கொம்பைலர் ஜிசிசியே.

இவற்றைப் பெறுபவர் திருத்தலாம், விற்கவும் செய்யலாம். தாம் பெற்ற உரிமையை அடுத்தவருக்கு மறுத்தல் ஆகாது. விலையின்மை இதன் பக்கவிளைவே என்பது என் கருத்து.

தொடங்க விரும்பும் பிள்ளைக்குப் பழைய கணனியும் லினக்ஸும் போதும். ஜிசிசி, மேக் இரண்டையும் நிறுவி, ‘சோதனை’ என்னும் பெயரில் ஐந்தாறு வரிகளில் சி கோப்பொன்றை எழுதி, ‘மேக் சோதனை’ எனக் கட்டளையிட்டால் விதிக்கோப்பு இன்றியே நிரல் உருவாகும். இரண்டாவது கோப்புச் சேரும்போது விதிக்கோப்பை எழுதிப் பழகலாம். அங்கே ராப் விசையை மறக்கவேண்டாம்.