தச்சன் த்ருஷ்டாந்தமும் திருவரங்கத்துக் கலாபமும்

‘எல்லாம் எம்பெருமான் நடத்துகிறான், நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது?’ என்பாரை இன்று பலவிடத்தும் காண்கிறோம். பணிவாகத் தோன்றும் இச்சொல் பலகால் கடமையினின்று விலகுவதற்கே துணையாகிறது. பூர்வாசார்யர்கள் இதற்கு இடம் கொடுத்தார்களா என்பதை விசாரிப்போம்.

ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயம் மூன்றாம் பாதத்தில், ஜீவனுடைய கர்த்ருத்வத்தை நிரூபிக்குமிடத்து ஒரு தச்சன் த்ருஷ்டாந்தமாகிறான். கருவியேந்தித் தொழில் செய்கையில் வருந்தும் தச்சன், அவற்றை வைத்துவிட்டு வீடு சேர்ந்ததும் சுகித்திருப்பதுபோல, ஆத்மாவின் கர்த்ருத்வம் உபாதியால் வந்ததேயன்றி இயல்பன்று என்றார் சங்கரர். எம்பெருமானாரோ அதே தச்சனைக் கொண்டு வேறு பொருள் அருளினார். கருவி கையிலிருந்தும் அவன் விரும்பினால் செய்கிறான், விரும்பாவிடில் செய்கிறிலன். அசேதனமான புத்தியே கர்த்தாவாகில் இவ்வேறுபாடு கூடாது. செயல் ஓயாமல் நிகழவேண்டும். ஆகவே ஆத்மாவே கர்த்தா. விதிநிஷேதங்களும் அப்போதே பொருளுடையனவாகும்.

இக்கர்த்ருத்வம் ஈச்வராதீனமே. அங்ஙனமாயின் வினைக்குப் பொறுப்பு அவனதன்றோ எனில், அன்று. இருவருக்குப் பொதுவான தனத்தை ஒருவன் பிறர்க்குக் கொடுக்க மற்றவன் அனுமதி வேண்டும். ஆயினும் பலன் அனுமதி பெற்றுக் கொடுத்தவனையே சேரும் என்று ஸ்ரீபாஷ்யம் தெளிவிக்கிறது.

இக்கொள்கை 1323இல் பரீக்ஷைக்கு உள்ளாயிற்று. டில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, ஈச்வரனே உபாயம், சேதனனுடைய முயற்சி உபாயமாகாது என்று உபதேசித்த பிள்ளைலோகாசார்யர் வாளாவிருந்தாரல்லர். நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பரந்யாஸமாகிற வ்யாஜத்தை வற்புறுத்திய வேதாந்த தேசிகரோ, ஸ்ரீபாஷ்யத்தின் வ்யாக்யானமான ச்ருதப்ரகாசிகையை அக்கலாபத்தில் காத்தார் என்று குருபரம்பரை கூறும். பின்னர் 1371இல், விஜயநகரத்துக் குமார கம்பணரின் அதிகாரியான கோபணார்யர் படைவலியால் பகைவரை வென்று நம்பெருமாளைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளப்பண்ணினார். இதற்குக் கோயில் கல்வெட்டே சான்று.

மோக்ஷோபாயம் எது என்பதில் இவ்விரு ஆசார்யர்களுக்கும் யோஜனாபேதம் உண்டு. கைங்கர்யத்தில் கைம்முடங்கியிருக்கலாம் என்று இருவரும் நினைத்திலர். முயற்சியை உபாயமாகக் கொள்ளாதவரே பெருமாளைக் காக்க முதலில் புறப்பட்டார் என்பது நாம் மறக்கத்தகாதது. பாரதந்த்ர்யம் சோம்பலுக்குப் பெயரன்று; ‘நான் செய்தேன்’ என்னும் செருக்கை ஒழித்துச் செய்வதற்கே அது பெயர். அபிமானத்தை விடுக என்றதைக் கடமையை விடுக என்று கொள்வது அவர்கள் வாக்குக்கும் வாழ்வுக்கும் முரணாகும்.