டம்மி மாறியும் மாறிலியும்

மண், ரகம், பாசனம் போன்ற வகைகளை 0, 1 என்ற குறிகளாக்கித் தொடர்புப் போக்குச் (ரிக்ரஷன்) சமன்பாட்டில் சேர்ப்பதே டம்மி மாறி. அதில் வரும் மாறிலியை மொத்தத் தரவின் சராசரி என்று பலர் படித்துவிடுகிறார்கள். அது தவறு. டம்மி கொடுக்காமல் விட்ட அடிப்படை வகையின் சராசரியே மாறிலி.

கோவையில் ரகச் சோதனை செய்பவர்களுக்கு இது பழகிய எண்ணம். 1906இல் சைதாப்பேட்டையிலிருந்து இங்கே வந்த வேளாண் கல்லூரி 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. கரும்பு இனப்பெருக்கு நிலையம் 1912இல் தொடங்கியது. இத்தகைய இடங்களின் சோதனைகளில் புது ரகத்தின் விளைச்சலைத் தனியாகச் சொன்னால் பயனில்லை; பக்கத்துப் பாத்தியில் விளைந்த பழைய ரகத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதே கேள்வி. அந்தப் பழைய ரகத்தை ‘செக்’ என்பார்கள். சமன்பாட்டில் அதன் சராசரி விளைச்சல்தான் மாறிலி.

ஒரு கற்பனைக் கணக்கு. நிலக்கடலை ஏக்கருக்கு மானாவாரியில் 6 குவிண்டால், கிணற்றுப் பாசனத்தில் 9, கீழ்பவானி வாய்க்காலில் 10 என்று வைத்துக்கொள்வோம். மானாவாரியை அடிப்படையாக்கினால் மாறிலி 6. கிணற்றுக்கு +3, வாய்க்காலுக்கு +4. கிணற்றை அடிப்படையாக்கினால் மாறிலி 9. மற்றவை −3, +1. எண்கள் மாறினாலும் கணித்த விளைச்சல் மாறாது. மூன்றுக்கும் டம்மி கொடுத்து மாறிலியையும் வைத்தால், மூன்று டம்மிகளின் கூட்டல் எப்போதும் 1. மாறிலியின் நிரலும் அதே 1 என்பதால் கணக்குக்குத் தனித்த விடை இராது. இதுவே ‘டம்மி பொறி’. மழையளவையும் சேர்த்தால், மழையே பெய்யாத மானாவாரி நிலத்தின் விளைச்சலாக மாறிலி மாறிவிடும், அதற்கு அர்த்தமில்லை. மழையளவிலிருந்து அதன் சராசரியைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதே சரி.

இந்த முறைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. கால்டன் 1886இல் மனிதர்களின் உயரங்களை ஆராய்ந்து தொடர்புப் போக்கைப் பேசினார். ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஃபிஷரின் 1925ஆம் ஆண்டு நூல், பாத்திகளை ஒப்பிடும் முறையைப் பரப்பியது. இந்தியாவில் பான்சே, சுகாத்மே எழுதிய வேளாண் புள்ளியியல் கையேடு 1954இல் வந்தது. பொருளாதாரத்தில் டம்மி மாறியைத் தெளிவாக விளக்கியது டேனியல் சூட்ஸின் 1957ஆம் ஆண்டுக் கட்டுரை. விளைச்சலின் இயல் மடக்கையை வைத்துக் கணக்கிடும்போது டம்மியின் 0.5 என்ற குணகம் 50 சதவீத உயர்வு அல்ல, சுமார் 65 சதவீதம் என்பதை ஹால்வர்சனும் பாம்குவிஸ்டும் 1980இல் எடுத்துக்காட்டினர்.

அடிப்படை வகைக்குப் பாத்திகள் குறைவாக இருந்தால், அதோடு ஒப்பிடும் எல்லா வித்தியாசங்களும் ஆட்டம் காணும். கரும்புச் சோதனைகளுக்காக ஃபெடரர் 1956இல் வகுத்த அமைப்பு இதைக் கவனித்தது: விதைக்கரணை போதாத புது ரகங்களை ஒரே ஒருமுறை நடலாம், செக் ரகத்தை மட்டும் ஒவ்வொரு தொகுதியிலும் நட வேண்டும்.