சமையல் மேடை (இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரை)

சமையலறையில் அடுப்பு வைக்கவும் காய் நறுக்கவும் மீன் கழுவவும் அமைக்கப்படும் பலகைக்கல் மேடை. இராமேசுவரம் அமைந்த பாம்பன் தீவு மணலும் பவளப்பாறையும் சேர்ந்த நிலம்; மேடைக்கான கல் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

தேர்வு: பரவலானவை கடப்பாக் கல்லும் கிரானைட்டும். ஆந்திரத்திலிருந்து வரும் கடப்பா ஒருவகைச் சுண்ணாம்புக்கல்; விலை குறைவு. ஆனால் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் அதன் பளபளப்பை அரித்துவிடும். மீன்குழம்பு அன்றாடம் கொதிக்கும் வீட்டுக்குக் கிரானைட்டே ஏற்றது. குவார்ட்ஸ் பலகையில் பிசின் கலந்திருப்பதால், கொதிக்கும் சட்டியை நேரே இறக்கினால் தழும்பு விழும்.

பொருத்துதல்: மேடை பொதுவாக இரண்டடி அகலமும் ஏறத்தாழ 32 முதல் 34 அங்குல உயரமும் கொண்டது. பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் சிறு சாய்வு தேவை. கலவைக்கு உப்புநீரோ கடல்மணலோ ஆகாது. அவற்றிலுள்ள குளோரைடு, கல்லைத் தாங்கும் கான்கிரீட்டின் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி உப்பி, பலகை வெடிக்கும். தொட்டிக்கு 304 வகை எவர்சில்வரைவிட மாலிப்டினம் சேர்ந்த 316 வகை உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும்.

பராமரிப்பு: உவர்நீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு தங்கும்; அதனால் கழுவியதும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மிதமான சோப்பு நீர் போதும், அமிலம் கூடாது. கிரானைட்டில் விட்ட நீர்த்துளி சில நிமிடங்களில் ஊறிக் கறுத்தால், அதற்கு நீர் ஊறாமல் காக்கும் சீலரை மீண்டும் பூச வேண்டும்.