கண்ணாடி மாற்றினால் சரிவருமா?



திருநெல்வேலியில் என்னிடம் பின்னேர வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை. பகலில் கண்ணாடியோடு கரும்பலகையை வாசிப்பார். மஃரிபுக்குப் பிறகு வாசற்படியில் தடக்கி விழுவார். "கண்ணாடியை மாத்தினா சரிவரும் சேர்" என்றார் வாப்பா. இரண்டு வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றியும் சரிவரவில்லை. ஏன் என்று அறியக் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம், ஆயிரம் வருடங்களுக்கு முன்பே, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று எழுதினார். ஆனால் அந்த ஒளியை உணர்வது வில்லை என்றே அவர் நினைத்தார். உருவம் விழுவது பின்னால் உள்ள விழித்திரையில் என்று 1604இல் கெப்லர் விளக்கினார். கமராவை நினையுங்கள்: வில்லை முன்னால், பிலிம் பின்னால்.

அந்தப் பிலிமை உயிருள்ள கண்ணில் பார்க்க வழியிருக்கவில்லை. வைத்தியர் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் செய்த காலத்தில்தான், 1851இல், ஜேர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழித்திரையைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார்.

அதன்பின் ஒல்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில் டொண்டர்ஸ் என்ற வைத்தியர் இரண்டு வேலை செய்தார். விழித்திரையில் கரும்புள்ளிகள் படியும் நோய்க்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று பெயர் வைத்தார். கிட்டப்பார்வை, தூரப்பார்வை பற்றி 1864இல் பெரிய நூலும் எழுதினார். நம் பாடசாலைகளில் தொங்கும் எழுத்து அட்டை அவருடைய சகா ஸ்னெல்லன் 1862இல் செய்தது.

கிட்டப்பார்வை ஒளி குவியும் இடத்தின் பிழை; கண்ணாடி அதைத் திருத்தும். மற்றது பிலிமின் நோய். முதலில் இரவுப் பார்வை மங்கும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும். இரண்டும் ஒரே கண்ணில் இருக்கலாம். அப்போது கண்ணாடி பாதிக்குத்தான் உதவும்.

1861இல் பெர்லினில் லீப்ரைக் என்ற வைத்தியர், இந்நோயாளர் பலரின் பெற்றோர் இரத்த உறவினர் என்று கவனித்தார். காரணம் பின்னர்தான் புரிந்தது. பல குடும்பங்களில் வாப்பாவும் உம்மாவும் ஒரே பழுதான மரபணுவில் ஒவ்வொரு பிரதியைச் சுமப்பார்கள். இருவருக்கும் பார்வை நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. மச்சான் மச்சாள் கலியாணத்தில் இப்படிச் சேரும் வாய்ப்பு கூடுதல். சொந்தமில்லாதவர்களுக்கும் இது வரும். ஆகவே மருமகளை மட்டும் குறை சொல்லும் பழக்கத்தை விடுவோம்.

2017இல் அமெரிக்கா முதலாவது விழித்திரை மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அது ஒரேயொரு மரபணுவுக்கானது. இந்நோய்க்குக் காரணமானவையோ பல டசின்.

மாலைக்கண் எல்லாம் இந்நோய் அல்ல. விற்றமின் ஏ குறைவாலும் வரும், அது குணமாகும். எது என்று கண் வைத்தியர்தான் சொல்ல முடியும். இருட்டில் தடுமாறும் பிள்ளையைக் கண்ணாடிக் கடைக்கு அல்ல, யாழ். போதனா வைத்தியசாலைக் கண் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையின் கோளாறு விழித்திரையில் என்று இப்போது தெரிந்துவிட்டது. வகுப்பை நாலு மணிக்கு மாற்றியிருக்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே அவர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்.