ஏலச்சீட்டு

தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் ஒரே அளவு பணம் போட்டு, சேர்ந்த மொத்தத்தை முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் சேமிப்பு முறை சீட்டு. கேரளத்தில் இதற்குச் சிட்டி, குறி என்று பெயர். பணத்துக்குப் பதில் தானியம் போட்டு நடத்திய சீட்டுகளும் உண்டு. 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே சீட்டுக்கு இலக்கணம் சொல்லும்போது தானியத்தையும் சேர்த்துக்கொள்கிறது.

பழைய வடிவம் குலுக்கல். பெயர்களைத் தாளில் எழுதிச் சுருட்டிச் சொம்பில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெயர் வந்தவருக்கு முழுப் பணம். ஆனால் அவசரம் குலுக்கலுக்குக் காத்திருக்காதே! அந்தக் குறையைத் தீர்த்தது ஏலம்: மொத்தத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கு, அதாவது தள்ளி எடுப்பவருக்கு, அந்த மாதப் பணம்.

20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டைப் பார்ப்போம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு வருவது 80,000. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மிச்சம் 15,000. அது 20 பேருக்கும் பிரிந்து, தலைக்கு 750 ரூபாய் கழிகிறது. ஆகவே அந்த மாதம் எல்லோரும் கட்டுவது 4,250 மட்டுமே. முதலில் எடுப்பவருக்கு இது கடன், கடைசிவரை காத்திருப்பவருக்குச் சேமிப்பு. சொத்துப் பத்திரம் கேட்கும் வங்கியிடம் போக முடியாத சிறு வியாபாரிக்கு இதைவிடக் கைகொடுத்த ஏற்பாடு குறைவு.

பணம் எடுத்தவர் தவணை கட்டாமல் போவதும், நடத்துபவரே தலைமறைவாவதும் சீட்டின் பழைய நோய்கள். அதனால் சட்டங்கள் வந்தன. கொச்சியும் திருவிதாங்கூரும் சமஸ்தானங்களாக இருந்தபோதே சட்டம் இயற்றின. சென்னை மாநிலத்தின் சட்டம் 1961இல் வந்தது. கேரள அரசு 1969இல் திருச்சூரில் தானே ஒரு சீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. கடல் கடந்த இடங்களிலும் சீட்டு பரவியிருந்தது. 1971இல் மலேசியா இதைத் தடை செய்தது. சிங்கப்பூர் அதே ஆண்டு கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது.

இந்தியா முழுமைக்குமான 1982 சட்டம் கமிஷனுக்கு 5 சதவீத வரம்பு வைத்தது; நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை வைக்க வேண்டும் என்றது. 1993இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 2019 திருத்தம் கமிஷன் வரம்பை 7 சதவீதமாக்கியது. தனிநபர் நடத்தும் சீட்டுகளின் உச்சவரம்பை 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக உயர்த்தியது. 1982 சட்டம் விலக்கு அளித்தது 100 ரூபாய்வரையிலான சீட்டுகளுக்கு மட்டுமே. அந்தக் கணக்கில், பதிவில்லாமல் நடந்த தெருச்சீட்டுகள் அநேகமாக எல்லாமே சட்டத்துக்குப் புறம்பானவை.

2013இல் மேற்கு வங்கத்தில் சாரதா குழுமம் சரிந்தபோது பத்திரிகைகள் அதைச் 'சீட்டு மோசடி' என்றே எழுதின. உண்மையில் அங்கே ஏலமும் இல்லை, முறைவைத்து எடுப்பதும் இல்லை. பொதுமக்களிடம் வாங்கிய முதலீட்டுப் பணம் அது. அந்தப் பழி சீட்டின் தலையில் விழுந்தது அநியாயம். பணத்தைச் சுழலவிடும் பரிசுத் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தனியாகத் தடை செய்திருந்தது.

தமிழ்நாட்டில் சீட்டுகளைக் கண்காணிப்பது பதிவுத்துறை. சீட்டில் சேருகிறவர் முதல் தவணை கட்டுமுன், அந்தச் சீட்டுக்குப் பதிவாளர் கொடுத்த தொடக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.